இடைவெளி விழுந்ததா, விட்டார்களா?

எங்கட பட்ச்சில் ஒருத்தி போன மாதம் பகுதிநேர வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். படிவத்தில் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் தாண்டி ஒரு கேள்வி: "கல்வியில் இடைவெளி இருப்பின், அதற்கான காரணம்". கீழே ஒன்றரை வரி இடம். அவள் அதை வெறுமையாக விட்டுவிட்டாள். நேர்முகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "ஏன் தங்கச்சி, ஏ.எல். எழுதி கம்பஸ் போக இவ்வளவு இடைவெளி? கேப் இயர் ஏதும் எடுத்தனீங்களோ?"

இவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இல்லை சேர், அது... இடைவெளி விழுந்திட்டுது" என்று சொல்லிவிட்டு வந்தாள். வேலை கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு அதுதான் காரணமா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்று பின்னேரம் கன்ரீனில் பிளேன்ரீயை வைத்துக்கொண்டு அவள் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "ஏனடி நான் விழுந்திட்டுது எண்டு சொன்னனான்? ஏதோ நான் கவனமில்லாம கைதவறிப் போட்ட மாதிரி."

அந்தக் கேள்வி அதற்குப் பிறகு எங்களை விடவில்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான். மொழியியல் படிக்கிறவர்கள் யாரும் எங்களில் இல்லை. பிழை இருந்தால் சொல்லுங்கோ.

'இடைவெளி' என்ற சொல்லை முதன்முதலில் எங்கே கேட்டோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்தோம். ஆச்சரியமாக, ஊர் எதுவானாலும் பதில் ஒன்றுதான்: முதலாம் வகுப்பு. "சொல்லுக்குச் சொல் ஒரு விரல் இடைவெளி விட்டு எழுதுங்கோ." பென்சிலால் ஒரு சொல்லை எழுதி முடித்து, அதன் பக்கத்தில் இடது கைச் சுட்டுவிரலை வைத்து, விரலின் மறுகரையில் அடுத்த சொல்லைத் தொடங்க வேண்டும். விரலில் கரி ஒட்டும். விரலை வைக்க மறந்தால் ரீச்சர் இரண்டு சொற்களுக்கும் நடுவே சிவப்புக் கோடு கிழிப்பார்.

ஓலைச்சுவடியில் இந்த வேலை இருக்கவில்லை. அங்கே சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் ஓடும், வாசிக்கிறவர்தான் பிரித்து வாசிக்க வேண்டும். அச்சு வந்தபிறகு எழுதுகிறவர்மேலும் அச்சுக்கோப்பவர்மேலும் அந்தப் பொறுப்பு வந்தது. 'பலகை' என்று சேர்த்தால் ஒரு மரத்துண்டு, 'பல கை' என்று விட்டால் நிறையக் கைகள். ஆக அந்த ஒரு விரல் இடம் சும்மா கிடக்கிற இடம் இல்லை. அதை யாரோ ஒருவர், ஒரு காரணத்துக்காக, விரலை வைத்து விடுகிறார். அந்த வயதில் எங்களுக்குத் தெரிந்த இடைவெளிக்கு ஒரு ஆள் இருந்தார். அது நாங்கள்தான்.

எங்களில் ஒருவன் மட்டும் வேறு கதை சொன்னான். அவன் எழுதப் பழகியது 2009 இல், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாள் கொட்டில் பள்ளிக்கூடத்தில். "ரீச்சர் விரல் விடச் சொன்னவதான். ஆனா கொப்பி ஒண்டுதான் இருந்தது. விரல் விட்டா கொப்பி முடிஞ்சிடும். அம்மா ரகசியமா சொல்லித் தந்தவ, நெருக்கி எழுதடா எண்டு." இன்றைக்கும் அவனுடைய எழுத்து அப்படித்தான் இருக்கிறது. அவனுடைய குறிப்பைப் படியெடுத்துப் படிக்கிறவனுக்குக் கண்ணாடி தேவைப்படும்.

சொல்லுக்கே வருவோம். தமிழில் 'இடை' என்று தொடங்கி நிறுத்தத்தைச் சொல்கிற சொற்கள் கனக்க இருக்கின்றன. எல்லோருக்கும் பிடித்தது இடைவேளை. பள்ளிக்கூடத்தில் 'இன்ரவெல்' என்றுதான் சொல்லுவோம், நேரசூசியில் 'இடைவேளை' என்று எழுதியிருக்கும். வேளை என்றால் பொழுது. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, இரண்டுக்கும் மணி அடிக்கும். சினிமாவில் அந்தச் சொல் திரையில் விழுந்ததும் வெளியே போய்க் கடலை வாங்கலாம், மிச்சப் படம் நிச்சயம் இருக்கிறது. திரும்பி வருவோம் என்ற வாக்குறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இடைவெளிக்கு அந்த வாக்குறுதி இல்லை. வெளி என்றால் திறந்து கிடக்கிற நிலம். வயல்வெளி. மறுகரை எங்கே என்று அந்தச் சொல் சொல்லாது. ஆங்கிலப் பெயரில் வரும் 'கேப் இயர்' உண்மையில் இடைவேளை வகைதான்: வசதியுள்ள நாடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு வருசம் 'எடுக்கிறார்கள்', ஊர் சுற்றுகிறார்கள், திரும்பி வரும்போது அவர்களுக்காகப் பிடித்து வைத்த இடம் அப்படியே இருக்கும். கண்ணாடி போட்ட அந்த ஐயா கேட்டது அதைத்தான். எடுத்தனீங்களோ என்று. நாங்கள் எங்க எடுத்தது?

கணக்கைப் போடுவம். எங்கட பட்ச்சில் பெரும்பாலானோர் 2002 இல் பிறந்தவர்கள். ஓ.எல். எழுதியது 2018 டிசம்பரில். பெறுபேறு வந்து ஏ.எல். வகுப்புக்குப் போகிற நேரம் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல். பள்ளிக்கூடங்கள் பூட்டு. திறந்தபிறகும் வாசலில் பை சோதனை, வரவு பாதி. ஒருமாதிரி அது சமாளித்து வர, 2020 மார்ச்சில் கொரோனா. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வீட்டில் ஒரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள், ஒருவருடைய சூம் வகுப்பு முடிந்தால்தான் மற்றவருக்கு. சிக்னல் இல்லாத இடங்களில் அதுவும் இல்லை. வழக்கமாக ஓகஸ்டில் நடக்கிற ஏ.எல். பரீட்சை, எங்களுக்கு, அதாவது 2021 ஆம் ஆண்டுப் பரீட்சை, 2022 பெப்ரவரி 7 இல்தான் தொடங்கியது. எழுதி முடித்து வெளியே வர நாட்டில் டீசல் இல்லை, எரிவாயு இல்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லை என்று பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையே பிற்போனது. பெறுபேறு ஓகஸ்ட் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு வெட்டுப்புள்ளிக்குக் காத்திருப்பு, பதிவுக்குக் காத்திருப்பு. கம்பஸ் வாசலுக்குள் கால் வைக்க 2023 ஆகிவிட்டது. வந்து குந்தி மூச்சு விட, 2024 மே 2 இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம், ஜூலை வரைக்கும். அவர்களுடைய சம்பளக் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்த நியாயத்துக்கான விலையில் ஒரு பங்கை, கேட்காமலே, எங்கள் கணக்கிலும் எழுதினார்கள்.

மூன்று வருடப் பட்டம் என்றாலும் முடிக்கும்போது எங்களுக்கு 24. விசேட பட்டம் என்றால் 25, 26. இதற்குப் பிறகுதான் வேலைதேடல், அதில் 'வயது 25 இற்குட்பட்டோர்' என்ற விளம்பரங்கள்.

இவ்வளவு காலத்தில் இல்லாமல் போனது வெறும் நாட்கள் இல்லை. எங்களோடு ஒரே மண்டபத்தில் ஏ.எல். எழுதியவர்களில் கம்பஸ் அனுமதி கிடைத்தும் வராதவர்கள் இருக்கிறார்கள். 2022 இல் கடவுச்சீட்டு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பெரியவர்கள் இல்லை. ஒருத்தன் கட்டாரில் இருக்கிறான், எங்களைவிட அவனுக்குத்தான் இசட் ஸ்கோர் கூட. இன்னொருத்தி கல்யாணம் கட்டிப் போய்விட்டாள். "சும்மாதானே வீட்டில நிக்கிறாய்" என்று தொடங்கிய பேச்சு அது. காத்திருக்கிற பெடியனைப் பார்த்துச் சொல்லுவது "ஏதும் வேலையைப் பாரன்". காத்திருக்கிற பெட்டைக்கு வேறு வேலை பார்த்துவிடுவார்கள். வெளிக்கு வெளி வித்தியாசம் இருக்கு.

இப்போது திரும்ப அந்த 'விழுந்திட்டுது'.

நாங்கள் ஒரு வாரம் இதையே கவனித்தோம். பேப்பர், அறிவித்தல், முகநூல், விரிவுரை, வீட்டுப் பேச்சு. 'இடைவெளி'யோடு என்ன வினைச்சொல் வருகிறது என்று மட்டும் பார்த்தோம். முதலாம் வகுப்பில் இருந்த 'விடு' ஏறத்தாழ மறைந்துவிட்டது. இடைவெளி விழுந்தது. இடைவெளி ஏற்பட்டது. இடைவெளி உருவாகியுள்ளது. இடைவெளி காணப்படுகிறது (இது எங்கட பீட ஒப்படைகளின் செல்லப்பிள்ளை). எல்லாம் தானாக நடக்கிற வினைகள். மழை பெய்தது, இருட்டிப்போச்சு என்கிற மாதிரி.

அறிவித்தல் பலகையிலும் இதே கதைதான், அங்கே கொஞ்சம் இறுக்கமான தமிழில். 'பரீட்சை பிற்போடப்பட்டுள்ளது.' 'கற்றல் செயற்பாடுகள் மறு அறிவித்தல் வரை இடைநிறுத்தப்பட்டுள்ளன.' யாரால் என்று ஒரு சொல் இருக்காது. 'மறு அறிவித்தல் வரை' என்ற மூன்று சொற்களுக்குள் எங்கள் தலைமுறையின் பாதி இளமை கிடக்கிறது என்று ஒருவன் சொன்னான். அவன் கொஞ்சம் கவிதை எழுதுகிறவன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். எங்களுக்குள்ளேயே வந்தது. தமிழ் எப்போதும் அப்படித்தானே, எனக்குக் காய்ச்சல் வந்தது என்கிறோம், பசிக்குது என்கிறோம், எல்லாவற்றுக்கும் ஆள் தேடினால் எப்படி? சரிதான். தானாக நடப்பதைச் சொல்லத்தான் அந்த வினைகள் இருக்கின்றன. 2024 நவம்பரில் ஏ.எல். தொடங்கி இரண்டே நாளில் வெள்ளம் வந்து பரீட்சை சில நாள் நின்றது. அது விழுந்த இடைவெளிதான், அதில் சந்தேகமில்லை. பிரச்சினை, வெள்ளத்துக்குச் சொன்ன அதே வினையை அடுத்த வரியிலேயே அமைச்சு முடிவுக்கும், சம்பளப் பேச்சுவார்த்தை இழுபட்டதற்கும், டொலர் தீர்ந்ததற்கும் சொல்லுவது. கொரோனா வந்தது யாருடைய பிழையும் இல்லை. ஆனால் போன் இல்லாத பிள்ளைக்கு அந்த இரண்டு வருசத்தில் ஒன்றும் போய்ச் சேராதது கிருமி செய்த வேலை இல்லை.

எங்கட அம்மம்மாக்கள் இதில் எங்களைவிடக் கெட்டித்தனம் என்று தோன்றுகிறது. அவர்கள் வாயில் 'இடைவெளி' வருவதேயில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்டதைப் பற்றிப் பேசும்போது ஒருவர் சொன்னது, "கொம்மான்ர படிப்பைக் குழப்பிப்போட்டாங்கள்." குழம்பிப்போச்சு என்று சொல்லவில்லை. குழப்பிப்போட்டாங்கள். ஒரே ஒரு 'ப்' தான் வித்தியாசம், ஆனால் அந்த 'ப்'புக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். அதே மாதிரி 'பாதை பூட்டின காலம்', 'பாதை திறந்த காலம்'. ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் பூட்டப்பட்ட நாட்களை யாழ்ப்பாணத்தில் யாரும் போக்குவரத்து இடைவெளி என்று சொல்லிக் கேட்டதில்லை. பூட்டு என்றால் திறப்பு யாருடைய கையிலோ இருந்தது என்று அர்த்தம்.

எங்களுக்கு உண்மையாகவே கோபம் வந்த சொல் வேறொன்று. அதைக் காட்டித் தந்தது ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு படிக்கிற ஒருத்தி. 'இடைவிலகல்'. பாதியில் பள்ளிக்கூடத்தை விடுகிற பிள்ளைகளுக்கு எங்கள் கல்வி அறிக்கைகள் வைத்திருக்கிற பெயர். 'இடைவிலகிய மாணவர்கள்', 'இடைவிலகல் வீதம்'. பாருங்கோ, இங்கே வினைக்குத் திடீரென்று ஒரு ஆள் வந்துவிட்டார். யார்? பிள்ளை. விலகினது பிள்ளை.

அவளோடு ஓ.எல். வரை ஒரே வாங்கில் இருந்தவள் கணிதத்தில் சித்தியடையவில்லை. கணிதத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இருந்த மாதங்களைவிட இல்லாத மாதங்கள் கூட. திரும்ப எழுதலாம் என்று இருந்தவளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே 'இடைவிலகல்' என்று இருக்கும். "அவ விலகல" என்றாள் எங்கட தோழி. "அவளுக்கு வெலகவே தெரியாது. மழைக்கும் ஒரு நாள் கட் அடிச்சதில்ல. அவள வெலக்குனாங்க."

5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளை கட்டாயம் படிக்க வேண்டும் என்கிறது நாட்டின் ஒழுங்குவிதி. 1945 இலிருந்து இலவசக் கல்வி என்று பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டிய விசயம்தான். ஆனால் பேர் வைக்கிற முறையைக் கவனியுங்கள். ஆசிரியர் இல்லாதது 'ஆளணி வெற்றிடம்', அதற்கு ஆளில்லை. பரீட்சை தள்ளிப்போனது 'இடைவெளி', அதற்கும் ஆளில்லை. பிள்ளை வெளியே போனது மட்டும் 'விலகல்', அதற்கு மட்டும் பிள்ளை பொறுப்பு. வேணுமென்று யாரோ இருந்து யோசித்துச் செய்த சதி என்று நாங்கள் சொல்லவில்லை. அலுவலகத் தமிழ் அப்படியே பழகிப்போய்விட்டது. அந்தப் பழக்கத்தில்தான் கண்ணாடி போட்ட ஐயா கேள்வியைக் கேட்டார், அதே பழக்கத்தில்தான் இவள் பதிலையும் சொன்னாள்.

'இடைவெளி' ஒருமுறை மட்டும் எங்கள் எல்லோர் வாயிலும் ஒரே நேரத்தில் புகுந்தது. 2020 இல். 'சமூக இடைவெளியைப் பேணுங்கள்.' கடை வாசலில் ஒரு மீற்றருக்கு ஒரு வெள்ளை வட்டம். உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச்சில், ஆட்கள் சமூகமாக ஒட்டியிருக்க வேண்டும், உடலால்தான் தள்ளியிருக்க வேண்டும் என்று சொல்லி, 'சமூக' என்பதை விட்டுவிட்டு உடல்சார்ந்த இடைவெளி என்ற பெயருக்கு மாறியது. நாங்கள் மாறவில்லை. எங்களுக்கு அது உறுத்தவே இல்லை. ஏன் உறுத்தவில்லை என்பதுதான் கேள்வி. 'பேணு' என்பது நல்ல சொல். பெற்றோரைப் பேணு, உடலைப் பேணு, மரபைப் பேணு. இங்கே கோயில் வாசலிலும் தேத்தண்ணிக்கடை வாங்கிலும் கிணற்றுக்கட்டிலும் சமூக இடைவெளியைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியவர்கள்தானே நாங்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்கு 11 வருடம் கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சனம் போராட வேண்டியிருந்தது. சிலருக்குக் குவளை, சிலருக்குப் போத்தல் என்று தேத்தண்ணி கொடுத்த கடைகளைப் பற்றி எங்கட ஊர்களில் வயதானவர்கள் இப்பவும் சொல்லுவார்கள், ஆனால் சாடையாக, குரலைக் குறைத்து. அந்த இடைவெளி விழுந்ததில்லை. அதை விரல் வைத்து அளந்து விட்டவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். சாதி பற்றிய ஒரு கருத்தரங்கில் போன வருசம் ஒருவர் "எங்கள் சமூகத்தில் சில இடைவெளிகள் காணப்பட்டன" என்று பேசி முடித்தார். கைதட்டினோம். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆக, அரசாங்கம் மட்டும்தான் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிக்கிறது என்று சொல்ல வரவில்லை. நாங்களும் ஒளிப்போம். "படிப்பில கொஞ்சம் கேப் விழுந்திட்டுது மச்சான்" என்றால் அர்த்தம், இரவு இரண்டு மணி வரைக்கும் போனில் ரீல்ஸ் பார்த்தோம். "எங்களுக்க ஒரு இடைவெளி வந்திட்டுது" என்றால் பெரும்பாலும் ஒருவர் பதில் போடுவதை நிறுத்திவிட்டார், அதை முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. இந்தக் கட்டுரையை எழுதிய ஆறு பேரில் நாலு பேர் இதைச் செய்திருக்கிறோம். மற்ற ரெண்டு பேரும் பொய் சொல்லுகினம்.

வினையை மாற்றுவதால் என்ன வரப்போகிறது, சொல்லை மாற்றினால் போன வருசம் திரும்பி வருமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம். இந்த மண்ணிலேயே ஒரு வினையைப் பிடிவாதமாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லோரும் 'காணாமல் போனோர்' என்றுதான் எழுதினார்கள். பேப்பரும் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் கொட்டில் போட்டு இருந்த தாய்மார் 'போனோர்' என்பதை ஏற்கவில்லை. எங்கட பிள்ளையள் போகேல்ல. கையில பிடிச்சுக் குடுத்தனாங்கள். ஆக்கினவை இருக்கினம். 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்.' பதாகையில், மனுவில், ஊர்வலத்தில், வாயில், எல்லா இடத்திலும் அதையே சொன்னார்கள். இப்போது தமிழ்ப் பேப்பர் ஒன்றில் பழைய வினையைப் போட்டால் வாசிக்கிறவர் நின்று யோசிப்பார். சட்டத்தின் கீழ் உருவாக்கிய அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் 'காணாமற்போன' என்பதே இருக்கிறது. ஒரு பெயர்ப்பலகைக்கும் ஒரு கொட்டிலுக்கும் நடுவே நடக்கிற சண்டை அந்த ஒரு வினையில் தெரிகிறது.

அவர்களுடைய காத்திருப்பை எங்கள் இரண்டு வருடத்தோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் எடுக்க வேண்டாம். ஒப்பிட முடியாது, கூடாது. அவர்களிடம் படித்த பாடத்தை எங்கள் சின்ன விசயத்தில் செய்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

செய்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. 'விடு' என்று எழுதத் தொடங்கினால் வசனம் அரைவாசியில் நின்றுவிடுகிறது. "எங்கள் கல்வியில் இரண்டு வருட இடைவெளி விட்டவர்..." என்று எழுதிவிட்டு பேனை நிற்கும். யார் என்று தெரியாது. தெரியாமல் நிற்பதால் தேட வேண்டி வருகிறது. பரீட்சையைத் தள்ளி வைக்க முடிவெடுத்தது யார், விடைத்தாள் திருத்த ஏன் இவ்வளவு மாதம், வெட்டுப்புள்ளி வந்தபிறகும் ஏன் அனுமதி பிந்துகிறது? 2023 இல் எங்கள் ஜூனியர்மாரின் ஏ.எல். விடைத்தாள் திருத்தல் விரிவுரையாளர்களின் வரிப் பிரச்சினையோடு மாட்டுப்பட்டு, பெறுபேறு செப்டெம்பரில்தான் வந்தது. அந்தக் கதையை ஒரு இளைய மாணவியிடம் கேட்டால் யார் யார் என்ன கேட்டார்கள், யார் எப்ப இறங்கி வந்தார்கள் என்று ஒழுங்காகச் சொல்லுகிறாள். அவள் 'விழுந்தது' என்று சொல்லவில்லை. "இழுத்தடிச்சவை" என்றாள். கேட்கச் சந்தோசமாக இருந்தது.

எங்கட தோழி நேற்று இன்னொரு இடத்துக்கு விண்ணப்பம் நிரப்பினாள். வேறு நிறுவனம், ஆனால் யாரோ ஒரே படிவத்தைத்தான் எல்லோருக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் போல. அதே கேள்வி, அதே ஒன்றரை வரி. இந்தமுறை நாங்கள் சுற்றி இருந்தோம். ஆளாளுக்கு ஒரு வசனம் சொன்னோம். மெனிக் பாம்காரன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எங்கள் ஒருவருடையதையும் எடுக்கவில்லை. 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 ஜூலை வரைக்கும், எந்த மாதம் எது பூட்டியது, யாருடைய அறிவித்தலில் பூட்டியது, எப்போது திறந்தது என்று திகதியோடு எழுதினாள். ஒன்றரை வரி எங்கே காணும்? படிவத்தின் ஓரத்தாலே திரும்பி, கீழே இருந்த 'அலுவலகப் பாவனைக்கு மட்டும்' என்ற பெட்டிக்குள்ளும் கொஞ்சம் போய்விட்டது.

"விரல் விடாம எழுது, இடம் காணும்" என்றான் அவன்.

நேர்முகம் வாற செவ்வாய்க்கிழமை.